ஒரு காயின் பிள்ளைகள்

டே லில்லி மொட்டு நாளைக்கு விரியுமா, மறுநாளைக்கா என்பதை முந்தின மாலையே சொல்லிவிடலாம். விரல் பருமனில் பச்சையாக நிற்கும் மொட்டு கடைசி இரண்டு நாட்களில் சட்டென்று நீளும். பச்சைக்கு அடியிலிருந்து நிறம் ஊறி வரும். நுனியில் மூன்று புறவிதழ்களும் இறுகப் பொருந்தியிருக்கும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு நெகிழ்ச்சி தெரியும். அது தெரிந்துவிட்டால் காலையில் பூ. இதைப் பார்க்கத் தனிப்படிப்பு எதுவும் வேண்டாம். தேயிலைக் கொழுந்து மலையில் பழகிய கண் போதும். இரண்டு இலைக்கு நடுவில் நிற்கும் அரும்பு ஓடப்போகிறதா, உறங்கப்போகிறதா என்பதைக் கை போய்த் தொடும் முன்பே கண்டுகொள்கிற பெண்கள் வாழும் ஊர் இது. இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் முதன்முதலில் டே லில்லியைச் சரியாகக் கணித்தவர் என் பெரியம்மாதான். தோட்ட வேலையில் பேர் வெட்டி வீட்டோடு இருக்கத் தொடங்கிப் பல காலமாகியும் அவருடைய பார்வை இன்னும் அரும்பின் உயரத்திலேயே நிற்கிறது.

பூவின் ஆயுள் ஒரு பகல். காலையில் விரிந்தது இரவுக்குள் சுருங்கிவிடும். ஆனால் ஒரே தண்டில் பத்துப் பதினைந்து மொட்டுகள் வெவ்வேறு வயதில் வரிசையாக நிற்பதால், செடி பல வாரம் பூத்துக்கொண்டே இருக்கிறது. எந்த நாளும் முந்தின நாளின் பூ இருப்பதில்லை. பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. லில்லிக்குச் செதில் செதிலான கிழங்கு உண்டு. இதற்குத் தடித்த, நீர் கோத்த வேர்க்கொத்துதான். இன்றைய வகைப்பாட்டில் இது கற்றாழையின் உறவு. பிறந்த மண் சீனா, கொரியா, ஜப்பான். சீனர்கள் இதன் மொட்டை உலர்த்திக் குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அழகுக்கு வளர்ப்பதற்கும் உணவுக்கு வளர்ப்பதற்கும் நடுவே கோடு போடாத நாடு அது.

விரிந்த பூவை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இதழ் ஆறு என்று எண்ணிவிட்டுப் போகிறவர்கள் அதிலுள்ள இரண்டு அடுக்கைத் தவறவிடுகிறார்கள். வெளியடுக்கு மூன்றும் ஒடுக்கமானவை. மொட்டாக இருந்தபோது காவல் காத்தவை. விரிந்த பின் நுனியைப் பின்னால் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பவை. உள்ளடுக்கு மூன்றும் அகலமானவை, நடுநரம்பு வெளிறி ஓடும், ஓரத்தில் நெளிவு. நிறத்தை எல்லாரும் இதழ்ப் பரப்பில்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தொண்டையை. பூவின் அடியில், எல்லா இதழும் குழாயாகச் சேரும் இடத்தில், பச்சையோ மஞ்சளோ இரண்டும் கலந்ததோ ஒரு வெளிச்சம் இருக்கும். அந்தப் பச்சை ஆழமாக இருந்தால், மேலே எந்த நிறம் இருந்தாலும் அது ஈரமாகத் தெரியும். தொண்டைக்கும் இதழுக்கும் நடுவே சில வகைகளில் கருஞ்சிவப்பில் ஒரு வளையம் உண்டு. கண் என்பார்கள் அதை. கண் சிலவற்றில் விரல் அகலம், சிலவற்றில் பென்சிலால் இழுத்த கோடு. எனக்குக் கோடுதான் பிடிக்கும். அகலமான கண் பூவைத் தூரத்துக்குக் காட்டுகிறது. கோடு நம்மைக் கிட்டே வரச் சொல்கிறது.

தொண்டையிலிருந்து ஆறு கேசரங்கள் எழுந்து வந்து நுனியில் மேல்நோக்கி வளையும். அவற்றையும் தாண்டி ஒரு தம்பம் தனியாக நீண்டு, இன்னும் சற்று மேலே வளைந்து, முனையில் மிகச் சிறிய குறியோடு நிற்கும். அந்த இடைவெளிதான் இந்தச் செடியின் நுட்பம். தன் மகரந்தம் தன் குறியில் எளிதில் படாத தூரத்தில் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. இறகு விரித்து வருகிற ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சியின் உடல் அகலத்துக்கு ஏற்ற தூரம் அது. ஜப்பானில், பகலில் பூக்கும் செம்மஞ்சள் வகைக்குப் பெரிய வண்ணத்துப்பூச்சிகளும், மாலையில் விரிந்து இரவெல்லாம் மணக்கும் வெளிர்மஞ்சள் வகைக்கு அந்துப்பூச்சிகளும் வந்துபோகின்றன. எங்கள் வாசலுக்கு அப்படி ஒரு விருந்தாளி கிரமமாக வருவதில்லை. அதனால் அந்த வேலையை நாங்கள் செய்கிறோம்.

வேலை என்று சொன்னாலும் அது சில விநாடிதான். பனி விலகி வெயில் இறங்கிய பிறகு மகரந்தப்பை நீளவாக்கில் பிளக்கும். தூள் மேலே பொங்கி நிற்கும். தந்தையாகத் தெரிந்தெடுத்த பூவில் ஒரு கேசரத்தைச் சிறு இடுக்கியால் கிள்ளியெடுத்து, தாயாகத் தெரிந்தெடுத்த பூவின் குறியில் மெதுவாகத் தொட வேண்டும். குறியின் முனையில் மஞ்சள் தெரிந்தால் போதும். ஒவ்வொரு மகரந்தமணியும் அங்கிருந்து மெல்லிய குழாயாக வளர்ந்து, தம்பத்தின் முழு நீளத்தையும் உள்ளேயே கடந்து, அடியிலிருக்கும் சூலகத்தை அடைய வேண்டும். பூவின் பாதி உயரத்துக்கு மேல் அந்தப் பயணம். வாடத் தொடங்கிவிட்ட பூவுக்குள்ளே, வெளியில் எதுவும் தெரியாமல் நடப்பது அது.

இதற்கு மலைநாட்டின் குளிர் பெரிய கொடை. வெயில் முப்பது பாகையைத் தாண்டும் இடங்களில் காய் பிடிப்பது அரிது. அங்கே இதைச் செய்கிறவர்கள் விடிந்ததும் விடியாததுமாக முடித்துவிடுகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நடுப்பகலிலேயே இருபது பாகைதான். காலையில் அவசரமில்லை. எதிரி மழை. நனைந்த மகரந்தம் எதற்கும் உதவாது. ஆகவே தைமாதக் காய்ச்சலில் தொடங்கி சித்திரை வரைக்கும்தான் எங்களுக்குக் காலம். எங்கள் வட்டாரத்துத் திம்புளைத் தேயிலைக்கு மணம் கூடுவதும் இந்தக் காலத்தின் முதல் பாதியில்தான்.

சேர்த்த பூவின் காம்பில் நிறநூல் ஒன்றைக் கட்டி, அட்டையில் இரண்டு பெயர் எழுத வேண்டும். தாயின் பெயர் முதலில், தந்தையின் பெயர் பிறகு; உலகெங்கும் இதுவே வழக்கம். வாடிய பூ உதிரும்போது அடியோடு விழுந்தால் சேரவில்லை. பூ மட்டும் கழன்று, காம்பில் மிளகளவு பச்சை நின்றால் சேர்ந்துவிட்டது. அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் பெரியம்மா விடியலில் வாசலுக்கு வருகிறார் என்று நான் நம்புகிறேன்; அவர் கோழி திறக்க வருவதாகச் சொல்வார்.

எல்லாச் செடியும் காய்ப்பதில்லை. பழைய துரை பங்களாப் பாதைகளின் ஓரத்தில் செம்மஞ்சளில் அடர்ந்து நிற்கும் பழைய வகையை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பூ பூத்தாலும் ஒரு காய் இல்லை. காரணம் அதன் உடலுக்குள் இருக்கிறது. டே லில்லிகளுக்கு இயல்பில் நிறமூர்த்தங்கள் 22. அந்தப் பழைய செம்மஞ்சளுக்கோ 33, மும்மடியம். மூன்று பங்கை இரண்டாகச் சமமாகப் பிரிக்க வழியில்லாததால் விதை கூடுவதில்லை. அப்படியும் அது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. பரப்பியது விதையல்ல, மண்வெட்டி. வேரைப் பிளந்து கொடுத்தவர்களின் கைகளால் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே செடி ஊர் ஊராகப் போயிருக்கிறது. அந்த மலட்டுத் தன்மையின் காரணத்தை ஆராய்ந்தவர் நியூயோர்க் தாவரவியல் பூங்காவில் வேலை செய்த ஆர்லோ ஸ்டவுட். அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. சீனாவிலிருந்து விதையும் செடியும் தருவித்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து, மஞ்சளும் செம்மஞ்சளுமே தெரிந்திருந்த இந்தப் பூவில் கருஞ்சிவப்பைக் கொண்டுவந்தார். 1934இல் வெளியான அவருடைய ‘தெரோன்’ அந்தச் சிவப்பு.

ஸ்டவுட் விஞ்ஞானி. ஆனால் இந்தப் பூவின் கதையை வீட்டு வாசல்காரர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. முதல் கலப்பு வகையாகப் பேர் பெற்ற ‘ஏப்ரிகொட்’டை 1890களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஜோர்ஜ் யெல்ட், யோர்க் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். 1975இல் ‘ஸ்டெல்லா டி ஓரோ’ என்ற குட்டை மஞ்சளைக் கொண்டுவந்த வால்டர் யப்லொன்ஸ்கி இந்தியானா மாநிலத்தில் தன் வளவில் வளர்த்தவர். திரும்பத் திரும்பப் பூக்கும் அந்தச் சிறுபூ இன்று உலகில் மிக அதிகம் விற்ற டே லில்லிகளில் ஒன்று. 1946இல் அமெரிக்காவில் தொடங்கிய டே லில்லிச் சங்கத்தின் பதிவேட்டில் வகைகளின் எண்ணிக்கை இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்துப் பேர்ச்சஸ் காணியும் இல்லாதவர்கள் எத்தனை பேர் அந்த லட்சத்துக்குள் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

காய் முற்ற ஏழெட்டு வாரம். மூன்று அறையுள்ள பச்சைக் காய் பழுத்துப் பழுப்பாகி, தலைப்பக்கம் வெடிக்கத் தொடங்கும். அந்த வெடிப்பு தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். விரலால் பிரித்தால் உள்ளே கருகருவென்று விதை. குன்றிமணியின் கறுப்புப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மினுக்கு, அந்த இறுக்கம். சில நாளில் மினுக்கு மங்கி மெல்லிய சுருக்கம் விழும். விதைக்கு அதனால் கெடுதல் இல்லை. நகத்தால் அழுத்தினால் அமுங்கும் விதையை மட்டும் ஒதுக்கிவிடலாம். குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் வகைகளின் விதைக்கு முளைக்கும் முன் ஒரு குளிர் உறக்கம் வேண்டும். ஈரமணலோடு பையில் கட்டி ஃபிரிஜ்ஜில் சில வாரம் வைத்தால் அது கிடைத்துவிடும். வருடமெல்லாம் பச்சையாக நிற்கும் வகைகளுக்கு அதுவும் தேவையில்லை. பிறகு பால்மா டின்னோ, உரப்பையோ, அடியில் ஓட்டை போட்ட எதுவானாலும் சரி. முதலில் வருவது ஒற்றைப் புல்லிதழ். மூன்றாவது இலை வரும்வரைக்கும் களையென்று பிடுங்கிவிடாமல் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். இலைகள் எதிரெதிராக மடிந்து விசிறியாக எழும்பத் தொடங்கிய பின் செடி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். இந்தக் குளிரில் முதல் பூவுக்கு இரண்டாம் வருடம், சிலதுக்கு மூன்றாம் வருடம்.

அந்த முதல் பூக்காலம்தான் எனக்கு இந்த வேலையின் உச்சம். எங்களிடம் ஒரு காய் இருந்தது. தாய், மஞ்சளில் ஒயின் நிறக் கண் கொண்டது. தந்தை, ஏறக்குறையக் கறுத்த சிவப்பு. அந்த ஒரே காயின் பிள்ளைகளில் இரண்டுகூட ஒன்றாக வரவில்லை. ஒன்றில் கண் அடியோடு மறைந்து போயிருந்தது. ஒன்றில் சிவப்பு வந்து, அதன் மேல் மஞ்சள் புகைந்து, செங்கல் தூள் நிறமாகிவிட்டது. ஒன்று வெறும் மஞ்சள், ஒடுங்கிய இதழ், நெளிவே இல்லை. இன்னொன்று பீச் பழத்தின் உள்நிறம். நடுநரம்பு பாலாக வெளிறியிருக்க, கண் ஒரு கோடாகத் தேய்ந்து, தொண்டைப் பச்சை வெளியே வழிந்து இதழின் அடிவரை வந்திருந்தது. தாயிடமும் இல்லாத, தந்தையிடமும் இல்லாத பச்சை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்றால், இந்தப் பூவின் நிறங்களெல்லாம் இரண்டு தட்டில் நடக்கிற விளையாட்டு. கரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டீன் இனம் மஞ்சளையும் செம்மஞ்சளையும் அடியில் விரிக்கிறது. நாவல் பழத்தைக் கறுக்க வைக்கிற அந்தோசயனின் இனம் மேலே சிவப்பையும் ஊதாவையும் ஏற்றுகிறது. அடியில் மஞ்சள் கனத்தால் சிவப்பு நெருப்பாகும்; அடி வெளிறினால் அதே சிவப்பு ரோசாவாகும். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தட்டில் எவ்வளவு என்பதை ஒவ்வொரு விதையும் தனித்தனியாகத் தீர்த்துக்கொள்கிறது. தூய நீலமும் அப்பழுக்கற்ற வெள்ளையும் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் தேடவில்லை. எனக்கு அந்தப் பச்சை போதும்.

பீச் நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூத்த காலை, இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். பெரியம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை. “ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. இதோட தொண்ட பச்ச. அதோட தொண்ட மஞ்சப்பச்ச. வெயில் ஏறட்டும், தெரியும் பாரு” என்றார். பதினொரு மணிக்குத் தெரிந்தது.

அந்தப் பார்வை அவருக்கு விதைத் தேயிலையில் கிடைத்தது. எங்களுக்கு மேலேயுள்ள பழைய மலை இன்னும் விதைத் தேயிலைதான். தூரத்திலிருந்து ஒரே பச்சையாகத் தெரிகிற அந்த மலைக்குள் இறங்கி நடந்தால் ஒரு செடிக்கு அடுத்த செடி உறவே இல்லை. ஒன்றின் இலை அகன்று தொங்குகிறது; அடுத்தது சிறுத்து நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றில் கொழுந்து மஞ்சள் பாய்ந்து வருகிறது, பக்கத்தில் செம்பு கலந்து. அரும்பின் மேல் வெள்ளி மயிர் ஒன்றில் அடர்த்தி, இன்னொன்றில் இல்லவே இல்லை. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே அநேகமாக ஏற்பதில்லை. பூச்சிகள் வேறு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதனால் ஒவ்வொரு தேயிலை விதையும் ஒரு கலப்பு. கொழுந்து எடுக்கிற செடியில் பூவுக்கு இடமில்லை. வெட்டாமல் மரமாக விட்ட விதைத் தேயிலையில் பார்க்க வேண்டும் அதை: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கேசரக் கூட்டம், கிட்டே போனால் மட்டும் ஒரு மணம். விதை முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆவதால், போன வருடத்துக் காயும் இந்த வருடத்துப் பூவும் ஒரே கிளையில் இருக்கும். எடுத்த விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, மூழ்குவதைத் தவறணைக்குக் கொண்டுபோவார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நடத் தொடங்கியது முதல், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் இந்த மலைகள் இப்படி விதையால் நிறைந்தவை.

பிறகு வீ.பி. என்ற தண்டு நடுகை வந்தது. ஒரு இலையும் ஒரு கணுவுமாகத் தண்டை வெட்டி நட்டால், தாய்ச்செடியே அச்சுக் குலையாமல் திரும்பக் கிடைக்கும். 1925இல் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. மலையெங்கும் பரவிய பல வீ.பி. வகைகள் அங்கிருந்து வந்தவை. டீ.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்று தோட்டத்து வாயில் எண்களாகவே புழங்கும் வகைகள் இருக்கின்றனவே, அவை ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே அசாம் இனச் செடியின் பிள்ளைகள். திறந்தவெளியில் பூச்சிகள் சேர்த்து வைத்த விதைகள். அந்தப் பிள்ளைகள் முளைத்து நின்றபோது யாரோ நடந்துபோய், ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுவும் இதுவும் இதுவும் என்று நின்றிருக்கிறார்கள். வீ.பி. மலையில் எல்லாச் செடியும் ஒன்றாக நிற்பதைக் குறையாகச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஒன்றும் ஒரு காலத்தில் கூட்டத்தில் தனித்துத் தெரிந்த ஒரு விதைப்பிள்ளை. அதன் முன்னால் ஒரு மனிதக் கண் நின்றதால்தான் இன்று மலை முழுக்க இருக்கிறது. டே லில்லியிலும் அதுவே வழி. பிடித்த பிள்ளை கிடைத்துவிட்டால் அப்புறம் விதை வேண்டாம்; வேரைப் பிளந்து பிளந்து பெருக்குவதுதான்.

எதை வைப்பது, எதை உரக்குழிக்கு அனுப்புவது என்பதில் எங்கள் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. முதலாவது துரு. 1869இல் தொடங்கி இந்த மலைகளில் கோப்பியை அழித்தது இலைத்துரு நோய். டே லில்லிக்கும் தனக்கென்று ஒரு துரு உண்டு. ஆசியாவில் பிறந்து, 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தோட்டங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. இலையின் அடியைக் கட்டைவிரலால் தடவும்போது செம்மஞ்சள் தூள் ஒட்டினால், அந்தப் பிள்ளை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வைப்பதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம்: குளிர்ந்த இரவுக்குப் பிறகு பூ முழுதாக விரிகிறதா? தை மாசியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும் விடியல்கள் உண்டு. 1960களிலிருந்து நிறமூர்த்தங்களை இரட்டித்து 44 ஆக்கிய நான்மடிய வகைகள் பெருகின. அவற்றின் இதழ் தடிப்பு, நெளிவு ஆழம், ஓரத்தில் பொன் சரிகை. படத்தில் பார்க்க மனம் பறிபோகும். ஆனால் அந்தச் சரிகை ஓரங்களில் பல, குளிர்ந்த காலையில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடுகின்றன. மதியம் வரை முக்கால் பூ. ஒரு பகல் மட்டும் வாழும் பூவுக்கு மதியம் என்பது பாதி ஆயுள். அதே குளிர் மறுபக்கம் ஒரு நன்மை செய்கிறது. சூடான ஊர்களில் கருஞ்சிவப்புப் பூக்கள் வெயிலில் உருகி, பிற்பகலில் நிறம் வழிந்து போகின்றன. இங்கே மூட்டத்தின் கீழ் மாலைவரை வெல்வெட்டாக நிற்கின்றன. ஆகவே எங்களுக்கு வேண்டியது ஆழ்ந்த நிறமும் எளிய ஓரமும் சேர்ந்த பூ.

அந்தக் காயின் பிள்ளைகளில் பீச் நிறத்தைத்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பெரியம்மாவின் கட்சி அந்த ஒடுங்கிய மஞ்சள். நெளிவில்லை, கண் இல்லை, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “பனி விழுந்த அன்னைக்கும் மொதல்ல முழிச்சது அதுதான்” என்றார். கவனித்தேன்; உண்மைதான். கோழி இறங்கும் நேரத்துக்கே ஆறு இதழும் தட்டையாக விரிந்துவிடுகிறது; பீச் விரிய ஒன்பது மணியாகிறது. இரண்டையும் வைத்திருக்கிறோம். வருகிற தையில் இரண்டையும் சேர்ப்பது என்று முடிவு. மஞ்சள்தான் தாய், காய் நன்றாகப் பிடிக்கிறது. பீச்சின் தொண்டைப் பச்சை மஞ்சளின் விடியலோடு ஒரே விதையில் வந்து விழுகிறதா என்பதைப் பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அட்டையில் பெயர் எழுதி வைத்தாகிவிட்டது, தாயின் பெயர் முதலில்.